தெற்கே போனவர்கள்

அன்று காலை எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள்.

கேட்க நல்ல செய்திதான். ஆனால் அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் ஹால்வர்சன் கவுண்டியில், அதுவும் ஜனவரியில், எண்பதைத் தாண்டிய கிழவர்களும் கிழவிகளும் ஆளுக்கொரு பண்ணை வீட்டில் தனியாகக் கிடக்கும் இடத்தில், அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. ஒருவர் கழிப்பறையில் இருப்பார். ஒருவர் காது மெஷினை எங்கோ வைத்துவிட்டுத் துழாவிக்கொண்டிருப்பார். இன்னொருவர் பூனைக்குத் தீனி வைக்கக் கொட்டகைக்குப் போய், அங்கேயே பூனையோடு சண்டை பிடித்துக்கொண்டு நிற்பார். ஷெரிஃப் அலுவலகத்தில் தானாகவே போன் செய்யும் ஒரு பழைய கணினிப் பெட்டி தினமும் காலையில் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடும். நலமென்றால் போனில் ஒன்றை அழுத்த வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்காதவர்களின் பெயரை மூலையில் இருக்கும் பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளும். அதைக் கிழித்துக்கொண்டு டெபுடி ரஸ் வண்டியை எடுப்பார். போய்ப் பார்த்தால் பூனை, இல்லாவிட்டால் காது மெஷின். எப்போதாவது ஒரு தடவை மட்டும் வேறு ஏதாவது.

அன்று பிரிண்டர் வாயே திறக்கவில்லை.

"என்னடி டார்லா, உன் புது மெஷினைப் பாத்ததும் கிழங்கள்லாம் ஒரே நாள்ல திருந்திடுச்சா?" என்றாள் ஜோலீன். ஜோலீன் ஷ்மால்ட்ஸ் அவசர அழைப்புகளுக்குப் பதில் சொல்பவள். கோர்ட்டுக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அந்த அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து கவுண்டியின் பாதிப் பேர் பிறப்பதையும் மீதிப் பேர் சாவதையும் காதால் கேட்டவள். "ரஸ் வேற நெடுஞ்சாலைல ட்ரெய்லர் கவுந்த இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறான். இன்னிக்குன்னு பாத்து ஒருத்தரும் வம்பு பண்ணல. நீ புண்ணியவதிதான் போ."

டார்லா ஹெக்லண்ட் சிரித்து வைத்தாள். கவுண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான் ஆள். வரி அலுவலகத்தில் பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவள், பனி தள்ளும் வண்டிகளின் வரைபடம் திறக்காவிட்டாலும் அவள். இந்தப் பழைய பெட்டியோடு மட்டும் இந்தக் குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்டியிருந்தாள். அதைச் செய்து கொடுத்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அதில் ஓடும் இயங்குதளத்தை உலகம் போன நூற்றாண்டிலேயே மறந்துவிட்டது. ஆனாலும் தூக்கி எறிய முடியவில்லை. காரணம், குரல். பெர்னிஸ் என்று முன்பு வேலை பார்த்த ஒரு அம்மாள் பேசிப் பதிந்து வைத்த குரல் அதற்குள் இருந்தது. வேறு எந்தக் குரல் கூப்பிட்டாலும் ஏதோ விற்க வந்தவன் என்று கிழங்கள் போனை வைத்துவிடும்.

அதனால் கவுண்டி ஒரு முடிவு செய்தது. பெட்டி இருக்கட்டும், பெயர்களும் எண்களும் மட்டும் புதுத் தரவுத்தளத்திலிருந்து வரட்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, முகவரி எல்லாம் அங்கேதான் ஒன்றோடொன்று இணைந்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. டார்லா இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கணினியை வைத்தாள். பழைய பெட்டி தன் பழைய கோப்பைத்தான் படிப்பதாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் பதில் புதிய அட்டவணைகளிலிருந்து வரும். இரண்டு பாஷை தெரிந்த மருமகள் நடுவில் உட்கார்ந்து, காது கேளாத மாமனாருக்கு எடுத்துச் சொல்வதைப் போலத்தான் அது. நேற்று சாயங்காலம் நீலக் கேபிளைச் செருகினாள். இன்று முதல் காலை.

அது வேலை செய்கிறது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம் வர வேண்டிய இடத்தை மனதுக்குள் தொட்டுப் பார்த்தாள். பல் பிடுங்கிக்கொண்டு வந்த தாடை மாதிரி மரத்துக் கிடந்தது. போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து இப்படித்தான். சாப்பிடுகிறாள், வேலைக்கு வருகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள்.

மிச்சமிருந்த ஒரே ஒரு கவலை அப்பா. ஆர்லின் ஹெக்லண்ட் ஊருக்கு வடக்கே, சரளைச் சாலையின் கடைசியில், தான் பிறந்த வீட்டிலேயே இருந்தார். முதியோர் விடுதியில் இடம் இருக்கிறது என்று டார்லா போய்ச் சொன்னபோது அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேரம் பேசினார். ஷெரிஃபின் பெட்டி தினமும் கூப்பிடட்டும். நான் எடுக்கிற வரைக்கும் என்னை இங்கேயிருந்து அசைக்கக் கூடாது. என்றைக்கு எடுக்கவில்லையோ அன்றைக்கு நீ வந்து கூட்டிக்கொண்டு போ. டார்லா கை குலுக்கினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் முதலில் பார்ப்பது திரையில் அவர் பெயருக்கு நேரே இருக்கும் சொல்லைத்தான்.

இன்றும் பார்த்திருந்தாள். நலம்.

காபியை ஊற்றிக்கொண்டு, ஜோலீன் கொண்டுவந்திருந்த, குகன் என்று அந்த ஊரில் சொல்லும் ஜெர்மன் கேக்கில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தபோதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் உறைத்தது. பெட்டி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் விசிறி ஈரக் கம்பளியும் சூடேறிய தூசியும் கலந்த மணத்தை அறைக்குள் தள்ளியது. உள்ளே ஏதோ ஒரு பழைய இணைப்பு டிக்கென்று விழுந்தது, எண்கள் கிறுகிறுவென்று ஓடின, மறுபடியும் டிக். வழக்கமாக இந்த நேரத்துக்கு அது எல்லோரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத் தூங்கியிருக்கும்.

"இது இன்னும் முடியலையா?" என்றாள்.

"நீதானே கண்டுபிடிச்சே. என்னைக் கேட்டா?"

டார்லா திரையைப் பார்த்தாள். பெயர்கள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரியாத பெயர்கள். படித்த கையோடு வேலைக்காக மினியாபொலிஸ் போய்விட்டு நாற்பதைத் தாண்டித் திரும்பி வந்தவள், எல்லோரையும் தெரியாமல் இருப்பது ஆச்சரியமில்லை. ஆனால் ஒன்று தெரிந்த பெயர். அப்பாவுக்குப் பக்கத்துப் பண்ணை; அம்மா போன பிறகு அந்தப் பக்கம் எதையும் அவள் கவனித்ததில்லை.

"ஆக்னஸ் டுஃப்டே. நலம்," என்று வாய்விட்டுப் படித்தாள். "இவங்க இன்னும் இருக்காங்களா? அம்மா காரியத்துக்குக்கூட வரலியே."

திரும்பிப் பார்த்தாள். ஜோலீன் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, வாயில் போட்ட கேக்கை மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த பேரைப் படி," என்றாள்.

"க்ளாரன்ஸ் ப்ராட்டன். நலம். மெல்வா ஈபெர்லே. நலம்."

"போதும். நிறுத்து."

"யாரு இவங்க எல்லாம்?"

ஜோலீன் எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "இங்க ஒரு பழக்கம் உண்டு," என்றாள். "குளிர்காலத்துக்கு அரிசோனா போறாங்கல்ல, அவங்களைப் பெட்டில தெற்கேன்னு போட்டு வெப்போம். போட்டா கூப்பிடாது. திரும்பி வந்ததும் தேதி போட்டா மறுபடி கூப்பிடும். அது உனக்கே தெரியும்."

"தெரியும்."

"பெர்னிஸ் இருந்தப்போ முதல்ல செத்தது ஒரு ஸ்கூல் டீச்சரம்மா. பேரை அழிக்கப் போனா, பெட்டி 'நிச்சயமா அழிக்கவா'ன்னு கேக்குது. ஆமான்னா மறுபடியும் கேக்குது. பெர்னிஸால முடியல. தெற்கேன்னு போட்டு, வர்ற தேதியைக் காலியா விட்டுட்டா." ஜோலீன் மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் எல்லாருக்கும் அப்படித்தான். நானும் அதையேதான் பண்ணேன். யாருக்கு மனசு வரும், சொல்லு. தினமும் நல்லா இருக்கேன்னு ஒண்ணை அமுக்கினவங்களை எப்படி அழிக்கிறது?"

டார்லாவுக்குத் தான் செய்தது புரிந்தது. புதுத் தரவுத்தளத்தில் தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கக் கூடாது. அது விதி. அதனால் காலியாக இருந்த இடங்களில் எல்லாம், இருப்பதிலேயே பழைய ஒரு தேதி விழும்படி அவளே எழுதியிருந்தாள். அரிசோனா போனவர்களின் தேதியை ஒவ்வொன்றாகத் தானே சரிபார்த்துப் போட்டாள். மற்றவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பழைய பெட்டியைப் பொறுத்தவரை தெற்கே போன அத்தனை பேரும் என்றைக்கோ திரும்பி வந்தாயிற்று. அதனால் கூப்பிடுகிறது.

"அப்போ அந்த நம்பரெல்லாம் வேற யாருக்காவது போயிருக்கும்," என்றாள். "புதுசா வந்த யாரோ எடுத்து ஏதோ அமுக்கறாங்க. அவ்வளவுதான்."

"ஆக்னஸ் வீட்ல யாரு புதுசா வந்தாங்க? போன இலையுதிர் காலத்துல தீயணைப்புக்காரங்க பயிற்சிக்குன்னு அந்த வீட்டைக் கொளுத்தினாங்க. என் வீட்டுக்காரன்தான் தீ வெச்சான். அடித்தளக் குழியைக்கூட மூடி மண்ணடிச்சாச்சு. கம்பி ஏது, போன் ஏது?"

பெட்டியின் முகப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. சோதனைக்காக வைத்தது. குமிழைத் திருகினால் ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பைக் கேட்கலாம். ஆக்னஸை மறுபடியும் கூப்பிடச் சொல்லி டார்லா கட்டளை கொடுத்தாள். குமிழைத் திருகினாள். விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. அறையின் வெப்பமானி எப்போதும் போலத்தான் காட்டியது.

டிக். எண்கள் ஓடின. ஒரு ரிங். முழு ரிங்கூட இல்லை.

"காலை வணக்கம். ஷெரிஃப் அலுவலகத்துலேருந்து பேசறோம்," என்றது பெர்னிஸின் குரல், பழைய ரேடியோவில் வானிலை சொல்வது போல. "நலமா இருக்கீங்களா? நலம்னா ஒண்ணை அழுத்துங்க."

அந்தப் பக்கத்தில் யாரும் பேசவில்லை. ஆனால் ஒரு அறை இருந்தது. ஆள் இருக்கும் அறைக்கும் இல்லாத அறைக்கும் போனில் ஒரு வித்தியாசம் உண்டு. ஜோலீன் இருபது வருடமாக அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிழைக்கிறாள். அவள் டார்லாவின் முழங்கையைப் பிடித்தாள். மரத் தரையில் நாற்காலிக் கால் இழுபடும் சத்தம். இன்னொரு நாற்காலி. பீங்கான் கோப்பை தட்டில் உட்காரும் சத்தம். காற்று, எங்கோ கதவு திறந்திருப்பது போல. அதற்கு மேல், மெதுவாக, பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு பறவையின் கூவல், கீழே கீழே இழுத்துக்கொண்டு.

பிறகு ஒன்று அழுத்தப்பட்ட பீப்.

"ஆக்னஸ் வீட்ல பறவைக் கடிகாரம் இருந்ததா?" என்று ஜோலீன் கிசுகிசுத்தாள்.

மணிக்கொரு பறவை கூவும் அந்தக் கடிகாரத்தை டார்லாதான் தன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தாள். அம்மா அதை அடுப்புக்கு மேலே மாட்டினாள். அம்மா போன பிறகு அப்பா பேட்டரியை மாற்றவில்லை. அது நேரங்காலம் தெரியாமல் இப்படித்தான் இழுத்து இழுத்துக் கூவும்.

இந்தக் கவுண்டியில் ஆயிரம் வீட்டில் அந்தக் கடிகாரம் இருக்கும். அப்படிச் சொல்லிக்கொண்டாள்.

திரைக்குத் திரும்பினாள். பெயர், எண், நலம். அதற்கும் அப்பால், யாரும் பார்க்காத ஒரு பத்தி உண்டு. எத்தனை ரிங்கில் எடுத்தார்கள் என்பது. டார்லா மட்டும் அதைப் பார்ப்பாள், அப்பாவுக்காக. உயிரோடு இருக்கிற கிழவர்கள் அவசரப்படுவதில்லை. முட்டி வலிக்கும், கைத்தடி கிடைக்காது, சுவரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நான்கு, ஐந்து, ஏழு. அப்பாவோ வேண்டுமென்றே காக்க வைப்பார். போனுக்காகக் காத்துக்கிடக்கும் கிழவன் என்று ஷெரிஃப் அலுவலகம் நினைத்துவிடக் கூடாதாம். ஆறாவது ரிங்குக்கு முன்னால் அவர் எடுத்ததே இல்லை.

ஆக்னஸ், ஒன்று. க்ளாரன்ஸ், ஒன்று. மெல்வா, ஒன்று. தெற்கே போன அத்தனை பேருக்கும் ஒன்று. எல்லோரும் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது போல.

மேலே போனாள். உயிரோடு இருப்பவர்களின் வரிசை. நான்கு. ஆறு. ஐந்து. ஏழு.

ஆர்லின் ஹெக்லண்ட், ஒன்று.

பயம் வந்தது. வெகுநாள் கழித்து அவளுக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். அதுவும் தூரத்தில், வேறு யாருக்கோ வருவது போல வந்தது. தன் கைபேசியை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

காதில் வைப்பதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது.

"சொல்லும்மா."

"அப்பா, நான்தான்."

"தெரியுது. வேற யாரு இந்நேரத்துல."

அவர் குரல்தான். அதே கரகரப்பு, அதே அலுப்பு. டார்லா மேசை விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். "போன் பக்கத்துலயே இருந்தீங்களா?"

"ஆமா. இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

"எதுக்கு?"

"எடுக்கணுமில்ல. உங்கிட்டச் சொன்னேனே."

"ஹீட்டர் ஓடுதாப்பா? குளிருதா?"

"குளிர் ஒண்ணும் தெரியல." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். "காபிதான் பத்தல. இத்தனை பேர் வருவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"யாரு வந்திருக்கா?"

"ஆக்னஸ் வந்திருக்கா. க்ளாரன்ஸ். அந்த ஈபெர்லே பொம்பளை, வாயே மூட மாட்டா, இன்னிக்கு என்னமோ பேசாம உட்கார்ந்திருக்கா. எல்லாரும்தான். தெற்கேருந்து வந்துட்டாங்களாம். அவங்கவங்க வீட்டைக் காணோமாம். பாவம், வேற எங்க போவாங்க? இந்த ரோட்டுல விளக்கு எரியறது நம்ம வீடு ஒண்ணுதான்."

நாற்காலி இழுபடும் சத்தம். பறவை கூவியது. கீழே, கீழே, கீழே.

டார்லா கேட்க நினைத்தது வேறு. வாயிலிருந்து வந்தது வேறு. "அம்மா வந்திருக்காங்களா?"

அப்பா யாரிடமோ கேட்டுச் சொல்வது போல நேரம் எடுத்துக்கொண்டார்.

"அவளை யாரும் கூப்பிடலையேம்மா," என்றார்.

போன் வைக்கப்பட்டது.

டார்லா எழுந்து போய், நீலக் கேபிளைப் பிடித்து இழுத்தாள். யோசிக்கவில்லை. கையைச் சுட்ட பாத்திரத்தைக் கீழே போடுவது போலத்தான் இழுத்தாள். நடுவில் இருந்த கணினியின் பச்சை விளக்கு அணைந்தது. பழைய பெட்டி நிற்கவில்லை. அது வாங்கிய பெயர்களைத் தனக்குள் வைத்திருந்தது. கூப்பிட்டது. பதில் வாங்கியது. பதிலைப் புதுத் தரவுத்தளத்தில் எழுதப் போனது. எழுத இடமில்லை. எழுத முடியாததால் யாரையும் இன்னும் கூப்பிடவே இல்லை என்று முடிவு செய்தது. பட்டியல் முடிந்ததும் மறுபடியும் முதல் பெயருக்குப் போனது.

கேபிளைத் திரும்பச் செருகினாள். பச்சை விளக்கு வரவில்லை. பெட்டி அவளைக் கண்டுகொள்ளவில்லை.

"அணைச்சுத் தொலை!" என்றாள் ஜோலீன். சொன்ன கையோடு அவளே தடுத்தாள். "வேணாம், வேணாம். அணைச்சா இது திரும்ப எழுந்துக்காது, போன தடவையே பாத்தோம். வெளிய காத்து எப்படி அடிக்குது பாரு. உயிரோட இருக்கறவங்களை நாளைக்கு யாரு கூப்பிடறது?"

"ரஸ் எப்போ வருவாரு?"

"ட்ரெய்லரைத் தூக்கி நிறுத்தாம வர முடியாது. ஏய், எங்க போறே? சாலையை மூடப் போறாங்கடி!"

டார்லா ஏற்கெனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வேண்டும். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பேரமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும்.

எஞ்சின் உறையாமலிருக்கச் சுவர் பிளக்கில் செருகியிருந்த காரின் ஹீட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பியபோது கிழக்கில் இன்னும் வெளுக்கவில்லை. பனி விழவில்லை. விழுந்து கிடந்ததைக் காற்று வயல்களிலிருந்து கிளப்பி, சாலைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஓடவிட்டுக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே நட்சத்திரங்கள் துல்லியமாகத் தெரிந்தன, கீழே சாலை மட்டும் தெரியவில்லை. வேலிக் கம்பங்களை வைத்துத்தான் ஓட்டினாள். க்ளாரன்ஸ் ப்ராட்டனின் இடம் வந்தது. காற்றைத் தடுக்க நட்ட மரங்கள் மூன்று பக்கமும் நின்றன. நடுவில் எதுவும் இல்லை. ஆக்னஸின் இடம் வந்தது. அதேபோல மரங்கள், நடுவில் வெறும் பனி. அந்த வெற்று இடத்திலிருந்து சாலைக்கு வரும் பாதையை அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்தாள். தடம் எதுவும் இல்லை.

பிறகு அப்பாவின் முற்றத்து விளக்கு.

காரை நிறுத்தினாள். முற்றத்திலும் தடம் இல்லை. ஒரு காலடிகூட இல்லை. காற்று வழித்துச் சுத்தமாக வைத்திருந்தது. வராந்தாக் கதவு திறந்து, சுவரில் மோதிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து சமையலறை வெளிச்சம் பனியில் விழுந்தது.

"அப்பா!"

காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

படியேறினாள். உள்ளே குளிர் வெளியே இருந்ததைப் போலவே இருந்தது. ஹீட்டரின் சத்தம் இல்லை. காபி மணம். சமையலறை வாசலில் பனி குவிந்து, மேசைக்கு அடியில் நாக்கு நீட்டியிருந்தது.

முதலில் நாற்காலிகளைப் பார்த்தாள். வீட்டில் இருந்த அத்தனை நாற்காலிகளும். சமையலறை நாற்காலிகள். அடித்தளத்தில் மடித்து வைத்திருந்த சீட்டாட்ட நாற்காலிகள். பியானோ பெஞ்சு. அம்மாவின் தையல் ஸ்டூல். சுவரோடு சுவராக, வட்டமாக, நெருக்கி நெருக்கிப் போடப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால், மேசையிலோ தரையிலோ, ஒரு கோப்பை. அம்மாவின் கல்யாணக் கோப்பைகள்கூட. நிறைய நிறைய ஊற்றிய காபி. மேலே பனிக்கட்டி ஆடை.

எந்தக் கோப்பையும் குடிக்கப்படவில்லை.

நாற்காலிகள் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள்.

சுவரில் கடுகு நிற போன். அதற்குக் கீழே அப்பா. தொப்பி போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காபிக் கெண்டி மடியில். செருப்புப் போட்ட கால்கள் கணுக்கால் வரை பனியில். தோளில் பனி. புருவத்தில் பனி. திறந்திருந்த கண்களின் மேலும் மெல்லிய பனி. உருகவில்லை.

வெகு நேரமாகியிருந்தது. பெட்டி முதன்முதலில் கூப்பிடுவதற்கும் முன்னால். நேற்றிரவாகக்கூட இருக்கலாம்.

அழ வேண்டும். தெரிந்தது. வரவில்லை.

கோட்டுப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. எடுத்தது தன் கைதானா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை.

"போய்ச் சேர்ந்துட்டியா?" ஜோலீனின் குரல் இப்போது லேசாக இருந்தது. "நீ ஒண்ணும் கவலைப்படாதடி. பெட்டி உங்கப்பாவை மறுபடியும் கூப்பிட்டுச்சு. நீ கிளம்பின பிறகு எத்தனையோ தடவை. ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டாரு. நலம்னுதான் வருது. ரஸ்கிட்டயும் வர வேணாம்னு சொல்லிட்டேன். டார்லா? கேக்குதா?"

சுவரில் போன் அடித்தது.

முதல் ரிங் முடியவில்லை. கெண்டியின் மேலிருந்த கை எழுந்தது. கண்கள் அசையவில்லை, தலை அசையவில்லை, கை மட்டும். சட்டைக் கையில் படிந்திருந்த பனி அப்படியே இருந்தது. விரல்கள் ரிசீவரைத் தேடவில்லை. வழி தெரிந்திருந்தது. எடுத்தது. பனி படிந்த காதில் வைத்தது.

"காலை வணக்கம்," என்றது பெர்னிஸின் குரல், சின்னதாக.

அதே கையின் ஒரு விரல் ரிசீவரின் உட்புறத்துப் பொத்தான்களுக்கு நீண்டது. ஒன்றை அழுத்தியது. பீப்.

ரிசீவர் திரும்பக் கொக்கியில் உட்கார்ந்தது. கை மடிக்கு வந்தது. சுற்றிலும் அத்தனை நாற்காலிகளும் லேசாகக் கிரீச்சிட்டன, ஆட்கள் சாய்ந்து உட்கார்வதைப் போல.

எடுக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாது என்றுதான் பேரம். அவள் கை குலுக்கியிருந்தாள். அப்பா சொன்ன சொல்லை ஒரு நாளும் மீறியதில்லை.

வாசலில் நின்றாள். பின்னால் கதவு சுவரில் மோதியது. அடுப்புக்கு மேலே பறவை கூவ ஆரம்பித்து, கீழே இழுத்துக்கொண்டு போய், நின்றது.

போன் அடித்தது. கை எழுந்தது.